சீனியம்மாள் வைத்த பொட்டு

கொட்டாம்பட்டியில் தேங்காய் மட்டைத் தூளை அழுத்தி, செடி வளர்க்கும் கட்டியாக்கி விற்பதற்காக, மிஷன் பள்ளி கிளார்க் வேலையை உதறிவிட்டு வந்தவர் இம்மானுவேல். ஜப்பான் ஆர்டர் கைநழுவினால், பழையபடி தாளாளர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். அதற்கு அந்தத் தூளையே தின்றுவிடலாம் என்றிருந்தார்.

சாம்பிள் பார்க்க ஜப்பான் கம்பெனியிலிருந்து மொரிடா என்பவர் வந்தார். பத்துக் கட்டிகளில் நான்கின் மூலையில் மட்டும் கறுப்புப் பொட்டு. விரலை நீட்டி, "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கட்டி அடுக்கும் சீனியம்மாளின் வேலை அது. லட்சணமான கட்டியைக் கண்டால் மை தொட்டு வைத்துவிடுவாள். "கண்ணு பட்டா விண்டு போயிரும்ண்ணே" என்பாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற இம்மானுவேல், திருஷ்டிப் பொட்டு என்று எந்த வாயால் சொல்வார்?

"குவாலிட்டி மார்க்" என்றார்.

நம் ஊர் வியாபாரி என்றால், "அடிச்சு விடாத மாப்ள" என்று சிரித்திருப்பார். மொரிடா நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. பத்தையும் சோதித்ததில் பொட்டு வைத்த நான்கு மட்டுமே தேறினவாம். கண்டெய்னர் முழுக்கப் பொட்டுக் கட்டிதான் வேண்டுமாம்.

இம்மானுவேல் மார்க்கர் பேனா வாங்கி, தன் கையாலேயே நாலாயிரம் பொட்டு வைத்தார். ஏற்றுமுன் பார்க்க வந்த மொரிடா, முதல் கட்டியைக் கையில் எடுத்தவர், ஆறு நிமிடம் வாய் திறக்கவில்லை. நம் பக்கம் ஒருவர் ஆறு நிமிடம் பேசாதிருந்தால் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டிருப்பார்கள்.

பிறகு, "இது வேறு பரிசோதகர் கை. பழையவரைப் பார்க்க வேண்டும்" என்றார்.

சீனியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு வந்தாள். மொரிடா அவள் முன் இடுப்பு வரை குனிந்தார்.

"என்னத்தண்ணே தொலைச்சாரு? நானும் தேடவா?"

"உனக்கு மரியாதை பண்றாரு. எதைப் பாத்துப் பொட்டு வைக்கிறேன்னு கேக்குறாரு."

"பாத்ததும் தூக்கிக் கொஞ்சணும்போல இருக்கணும். வேறென்ன?"

"விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன்" என்று மொழிபெயர்த்தார் இம்மானுவேல்.

மொரிடா ஊரிலேயே தங்கிக்கொண்டார். மூன்று வாரம் சீனியம்மாள் கட்டி கட்டியாகப் பார்த்துக் கொஞ்சினாள். கண்டெய்னர் நிரம்பித் தூத்துக்குடிக்குப் புறப்பட்டது. வழியனுப்பும்போது, "அம்புட்டுத் தூரம் போற புள்ள" என்று மொரிடா கன்னத்திலும் ஒன்று வைத்தாள். ஏர்போர்ட்டில் அழிக்கச் சொல்லியும் அவர் மறுத்துவிட்டதாகக் கேள்வி.

அடுத்த தடவை அவருடன் கம்பெனி ஆட்கள் பதினோரு பேர் வந்து, முகம் கழுவி, கன்னத்தைக் காட்டி வரிசையில் நின்றார்கள். சீனியம்மாள் இரண்டு பேருக்கு மட்டும் வைத்தாள். மிச்ச ஒன்பது பேரை மறுபயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வரிசையின் கடைசியில், யார் கண்ணிலும் படாத மாதிரி, இம்மானுவேலும் நின்றார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே?" என்றாள் சீனியம்மாள். "உங்கள யாரு கண்ணு வைக்கப் போறா?"

மொரிடா நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.