மைக் செட் இல்லாத திருவிழா

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் பத்து நாளைக்கு மைக் செட் அலறும். இந்த வருடம் அலறவில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு நீட் பரீட்சை, இரண்டாவது தடவை. அது முடியும்வரை ஸ்பீக்கர் கட்டுவதில்லை என்று ஊர் கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள்.

காரணம் நான்தான். போன வருடம் மார்க் வந்த அன்று, "மைக் செட் சத்தத்துல கடைசி நாலு நாளும் ஒண்ணுமே படிக்க முடியலப்பா" என்று அழுதேன். அந்த நாலு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பக்கத்து வீட்டு வனிதா அத்தை ஆட்டை அதட்டுவதுகூட ரகசியம் பேசுகிற மாதிரி இருக்கிறது. இந்த அமைதியில் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. பதற்றம் குறைய மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லி கோச்சிங்கில் ஒரு தாள் தந்திருந்தார்கள். இழுத்தேன், விட்டேன். இந்தத் தடவை கோட்டைவிட்டால் சொல்ல ஒரு சாக்கும் இல்லையே என்ற பயம்தான் கூடியது.

வெள்ளிக்கிழமை காலையில் விழாக் கமிட்டித் தலைவர் வெற்றிசெல்வன் சித்தப்பாவிடம் போனேன்.

"மைக் செட்டப் போடச் சொல்லுங்க சித்தப்பா. எனக்குத் தொந்தரவு இல்ல."

"போன வருசம் இருந்துச்சே?"

"அது பொய் சித்தப்பா."

அவர் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "ஒங்கப்பா வீடு வீடா வந்து கும்பிட்டுக் கேட்டாரு ஆத்தா. அவருகிட்ட சொல்லிட்டு வா, போட்டுருவோம்."

அப்பா வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அப்ப, படிச்சிருந்தா பாஸாயிருப்பியா?"

ஆமாம் என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது.

"தெரியலப்பா" என்றேன்.



"எம்புள்ளைக்கு அறிவு இருக்கு, அமைதிதான் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ஒண்ணு பொய்யாப் போச்சு. இன்னொண்ணையாவது காப்பாத்து" என்று சொல்லிவிட்டு மடையை அடைக்கக் குனிந்தார்.