எரிந்த நிலத்துக் காளான்

"எந்தக் காளான் எண்டு தெரியாமல் நான் என்னத்தை எண்டு வைத்தியம் செய்யிறது? ஒண்டையாவது கொண்டு வாங்கோ," என்றார் டொக்டர். மகள் லதுஷா வாந்தியெடுத்தே துவண்டு கிடந்தாள். அவளருகில் என் கணவர் லெஸ்லியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஓடிவந்தேன்.

வீட்டுக்குப் பின்னால், கச்சான் கடலை போடுவதற்காகப் பற்றைக்காட்டை எரித்த நிலம். மழை பெய்ததும் சாம்பலுக்குள் சின்னச் சின்னதாய், மண்ணிறத் தொப்பியோடு காளான்கள் முளைத்திருந்தன. நெருப்புப் பட்ட மண்ணில் நஞ்சு நிற்குமா என்று நினைத்தேன். என்னைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். காலையில் கறியாக்கிப் பிட்டோடு பிள்ளைக்குக் கொடுத்தேன். கொஞ்சம்தானே இருக்கிறது என்று நானும் லெஸ்லியும் வாயில் வைக்கவில்லை; சட்டியையும் அப்போதே வழித்துக் கழுவிவிட்டேன்.

இப்போது முழங்காலில் நின்று சாம்பலைக் கிளறினேன். ஒன்றுமில்லை. ஒரு குஞ்சுக் காளானைக்கூட மிச்சம் வைக்காமல் பிடுங்கியிருந்தேன். "மாதாவே, ஒண்டே ஒண்டு காட்டு!" என்று கத்தி அழுதேன். கை முழுக்கக் கரிதான் வந்தது.

அப்போதுதான் அந்தச் சின்னக் கோப்பை ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு ஸாலிஹா ராத்தாவுக்கும் கறி கொடுத்திருந்தேன். அவரும் சாப்பிட்டிருந்தால்? ஆனால் இன்று திங்கட்கிழமை. திங்களில் ராத்தா நோன்பு; பொழுதுபட்டு நோன்பு திறக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கறி அப்படியே இருக்கும்!

வேலியைத் தாண்டும்போதே மூதூர்ப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது.

"ராத்தா, கறியைத் தொடாதீங்கோ! நஞ்சு!"

பேரீச்சம்பழத்தோடு கதிரையில் இருந்தவர் திடுக்கிட்டு எழுந்தார்.

"நான் இன்னும் தொடல்ல புள்ள."

மேசையில் என் கோப்பை. குழம்புக்குள் முழுசு முழுசாய்க் காளான். ராத்தாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவரும் தப்பிவிட்டார், டொக்டருக்குக் காட்டக் காளானும் கிடைத்துவிட்டது.

கோப்பையைத் தூக்கினேன். பாதிதான் இருந்தது. விளிம்புவரை நிரப்பியல்லவா கொடுத்தேன்?

ராத்தாவின் முகம் வெளிறிவிட்டது. "நோன்பு எனக்குத்தானே புள்ள..." என்றார். உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

உள்ளேயிருந்து அவருடைய மகள் ரிஸ்லா, லதுஷாவின் வகுப்புக்காரி, சிரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அன்ரி, பகல் நான்தான் சாப்பிட்டனான். நல்ல ருசி. நாளைக்கும் தருவீங்களா?"