சூடு தெரிந்ததும் அமுக்குங்கள்

ஓதிலுக்கு மூன்று வருஷமாகப் பாதம் எரிந்தது. சும்மா எரிச்சல் இல்லை, போர்வை நுனி பட்டாலே துடித்துப்போவாள். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது, அவள் மட்டும் வெறுங்காலோடு சமையலறைத் தரையின் குளிர்ச்சியைத் தேடி நிற்பாள். கனடாவின் கடலோர ஊரான ஷெடியாக்கில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்தவள். நாள் முழுக்க நிற்கிற தொழில். போன கோடையில் கடையைச் சாத்திவிட்டாள்.

டாக்டர்கள் பார்க்காததா? ரத்தம் பார்த்தார்கள், சரி. ஸ்கேன் எடுத்தார்கள், சரி. காலில் மின்சாரம் பாய்ச்சி நரம்பைச் சோதித்தார்கள், அதுவும் சரி. கடைசியில் ஒருவர், வீட்டில் ஏதாவது மனக்கவலையா என்று கேட்டார். அன்றோடு அவள் புருஷன் ரெஜான் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டான். கடலில் கூண்டு போட்டு லாப்ஸ்டர் பிடிக்கிறவன். விரல் ஒடிந்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு கூண்டு இழுக்கிற ஜென்மம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவனுக்குத் தனக்கே வந்தாலும் தெரியாது.

இன்னொரு சோதனைக்காக மாங்க்டன் ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது அவன் ஒன்றுதான் சொன்னான்.

"இதுவும் சரின்னு வந்துட்டா, இத்தோட விட்டுடலாம் ஓதில்."

விட்டுவிடுவது என்றால் எதை என்று அவளுக்குப் புரிந்தது. இனி இந்த வீட்டில் காலைப் பற்றிப் பேச்சு எடுக்கக்கூடாது.

சோதனை செய்தவள் பெர்னீஸ் என்ற நடுவயதுக்காரி. ரெஜானை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் ஓதிலின் பாதத்தைத் தொட்டாள், அதிரும் கம்பியைக் கணுக்கால் எலும்பில் வைத்தாள். தொட்டதெல்லாம் ஓதிலுக்குத் தெரிந்தது. பிறகு தீப்பெட்டி அளவுத் தகடு ஒன்றைப் பாதத்தின் மேல் கட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். தகடு மெதுவாகச் சூடாகும், லேசான வெதுவெதுப்பு தெரிந்ததும் அமுக்கினால் போதும் என்றாள்.

ஓதில் கணக்குப் போட்டாள். எரிகிற கால் அல்லவா, எவ்வளவு சீக்கிரம் அமுக்குகிறோமோ அவ்வளவு வலி என்று இவர்களுக்குத் தெரியும். சட்டென்று அமுக்கினாள். அடுத்த முறை இன்னும் சட்டென்று. ஒன்பது தடவை ஆனதும் பெர்னீஸ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கடைசி மூணு தடவை நான் சூடே குடுக்கல ஓதில்."

ஓதில் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு, பொய்க்காரி என்று எழுதித்தான் தரப்போகிறார்கள் என்று நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எரியுதுன்னு காட்டலேன்னா நீங்களும் நம்ப மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

பெர்னீஸ் கோபப்படவில்லை. பதினொரு வருஷமாக இந்த அறையில் இதே கூத்தைப் பார்க்கிறவள்.

"வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படித்தான் அமுக்குறாங்க. பத்து எடத்துல நம்பாம அனுப்பினா, கூட்டிச் சொன்னாத்தான் பாதியாவது நம்புவாங்கன்னு பழகிப்போயிடுது. இங்க அது உங்களுக்கே எதிராப் போயிடும். தெரியலன்னா தெரியல. சும்மா இருங்க."

முதலில் கையில் தகட்டைக் கட்டினாள். முப்பத்துநாலு டிகிரியில் ஓதில் சரியாக அமுக்கினாள். பிறகு மறுபடி பாதம். ஓதில் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அமுக்கித் தொலைத்துவிடலாமா என்று கட்டைவிரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். எப்போதோ ஒரு வெதுவெதுப்பு வந்தது, அமுக்கினாள். இப்படி ஆறு தடவை.

"மெஷின் ஓடுச்சா?" என்று கேட்டாள்.

"ஓடுச்சு. நாப்பத்தாறு டிகிரி வரைக்கும் உங்களுக்குச் சூடே தெரியல."

இவ்வளவு சூடு தாங்குகிறது என்றால் கால் நன்றாக இருக்கிறது என்றல்லவா ஆகிறது? ஓதிலுக்குத் தலை சுற்றியது. பெர்னீஸ் கதவைத் திறந்து ரெஜானை உள்ளே கூப்பிட்டாள், பூட்ஸையும் காலுறையையும் கழற்றச் சொன்னாள். அவன் விழித்தபடி கழற்றினான். அவன் பாதத்திலும் தகட்டைக் கட்டினாள். முப்பத்தேழில் அமுக்கிவிட்டான்.

பெர்னீஸ் இரண்டு எண்களையும் திரையில் காட்டினாள். மின்சாரச் சோதனை தடித்த நரம்புகளைத்தான் பார்க்கும். சூட்டையும் வலியையும் சொல்கிற மெல்லிய நரம்புகள் அதற்குச் சிக்காது. அவைதான் இங்கே கெட்டிருப்பதாகத் தெரிகிறது. கெட்ட நரம்பு வெளிச்சூட்டைச் சொல்லாது, ஆனால் தானாக எரியும். டாக்டர் இதைப் பார்த்துவிட்டு இதற்கென்று உள்ள மருந்தைத் தொடங்குவார். நாளைக்கே போய்விடாது, ஆனால் என்னவென்று தெரிந்துவிட்டது என்றாள்.

ஓதில் மூச்சை விட்டாள். மூன்று வருஷத்து மூச்சு அது. கால் அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் சிரிப்பு வந்தது அவளுக்கு.

பெர்னீஸ் தாளை அச்செடுக்கப் போனாள். ரெஜான் ஒற்றைக் காலுறையைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் உன்ன நம்பல, ஓதில்."

"தெரியும்."

"மூணு வருஷம்."

"அட விடு," என்றாள் ஓதில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போன மாசத்துலேர்ந்து நானே என்னை நம்பலயே."

ரெஜான் எழுந்து வந்து, அவள் பாதத்தில் எங்கும் இடிக்காமல் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தான்.