மருதப்பன் மகளுக்குத் தாய்மாமன்

சிங்கப்பூர்த் தேக்காவில் மருதப்பன் கை உயர்த்தினால் கடைகள் மூடிய காலம் ஒன்று இருந்தது, கண்ணுகளா. ஐம்பத்தேழில் அவர் தூய தமிழர் படையைத் தொடங்கியபோது ஏழெட்டுப் பேர்தான். அடுத்த வருடமே பஃப்ளோ ரோடு நெடுகக் காக்கிச் சட்டைகள் நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொல்லின. தமிழன் கடையில்தான் வாங்க வேண்டும். சடங்கில் ஒரு நூலும் பிசகக் கூடாது. இதுதான் படையின் விதி. யார் தமிழன் என்பதை மருதப்பன் சொல்வார்.

நெய்னா முகம்மதுவைத் தமிழன் இல்லை என்றார். கேம்பல் லேனில் மசாலாக் கடை வைத்திருந்த அந்த மனிதருக்குத் தமிழைத் தவிர வேறு பேச்சு வராது. இருந்தும் படையாட்கள் வாசலில் நின்று, வாங்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பினாங்குக்கே போய்விடலாம் என்று அவர் மனைவி ஆயிஷா மூட்டை கட்டத் தொடங்கினாள்.

அந்த ஆவணியில் மருதப்பன் மகள் செண்பகத்துக்குக் கல்யாணம். பெண்ணைத் தாய்மாமன்தான் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். மருதப்பன் மனைவி பூவம்மாவின் உடன்பிறந்தவன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. அதனால் செண்பகத்துக்குக் காது குத்தியபோது பக்கத்து வீட்டு நெய்னா முகம்மதுவைத்தான் மாமனாக உட்கார வைத்தார்கள். கூப்பிட்டு உட்கார வைத்தவரே மருதப்பன்தான்.

இப்போது படைத்தளபதி வடிவேலு மாமனாக நிற்கப் பட்டுவேட்டி கட்டி வந்துவிட்டார். பூவம்மா மகளின் கையை விடவில்லை.

"மடியில வச்சுக் காது குத்தினவர் இருக்கும்போது வேற ஆள் எதுக்குங்க?"

"படை பார்த்துக்கிட்டு இருக்கு, பூவு."

"பார்க்கட்டும் லா. ஒரு நூல் பிசகக் கூடாதுன்னு மேடை போட்டுப் பேசுனது நீங்கதானே. எங்கண்ணன் வராம எம்பொண்ணு எந்திரிக்க மாட்டா."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களும் அதுதான் முறை என்றார்கள். முகூர்த்தம் நெருங்கியது. மருதப்பன் தானே கேம்பல் லேனுக்கு ஓடினார். கடை வாசலில் நின்ற காக்கிச் சட்டைக்காரன் விறைப்பாக வணக்கம் வைத்து, இது தமிழன் கடை இல்லையே தலைவரே என்றான்.

"விலகுடா. என் மச்சானைக் கூப்பிட வந்திருக்கேன்."

நெய்னா முகம்மது பெட்டியைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்தார். "சீர்ப்புடவை போன மாசமே வாங்கியாச்சு, மச்சான். நீங்கதான் லேட்டு."

அவர் கைப்பிடித்தே செண்பகம் மணவறைக்கு வந்தாள். மறுநாள் அந்தக் கடை வாசலில் காவல் நிற்க எவனுக்கும் முகம் இல்லை. அடுத்த வருடத் தேர்தலில் நின்ற வடிவேலுவைப் பார்த்து, "உங்க மாமன் யாருப்பா?" என்று தேக்காவே கேட்டது. அறுபத்து மூன்றில் காக்கிச் சட்டைகள் கப்பல்பட்டறை வேலைக்குத்தான் போய்வந்தன.

ஆயிஷா மூட்டையை அன்றைக்கே பிரித்துவிட்டாள். செண்பகத்தின் பிள்ளைக்குக் காது குத்திய விருந்துக்கு மசாலா அந்தக் கடையிலிருந்துதான் வந்தது.