அக்கா பார்க்காத முகம்

அல்போன்ஸ் பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது, பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்த பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். எல்லோரும் சேலத்தில் அவன் அக்கா லூர்துமேரியிடம் தமிழ் படித்தவர்கள். உள்ளே அக்காவைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் வித்துவான் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள். பழைய இலக்கண நூல்களுக்கு உரை எழுதியவள். அப்பா செத்ததும் மாடு மேய்க்கப் பள்ளிக்கூடத்தை விட்டது அல்போன்ஸ்தான்; அக்கா படித்தாள். அதை அவள் மறந்ததில்லை. அவனும் மறக்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் தவக்காலத்தில், மாணவிகள் அக்காவிடம் சொல்லியிருந்தபடியே அவளுடைய மார்பளவுச் சிலையைச் சிமெண்டில் செய்து ரயிலில் அனுப்பினார்கள். அக்கா அப்போதே படுக்கையில் இருந்தாள். உயிரோடு இருக்கிறவர்களுக்குச் சிலை ஆகாது என்று அவன் மனைவி ரோசம்மா முணுமுணுத்தாள். அவனுக்கு அந்தச் சாக்குப் போதும். வருகிறவர்களெல்லாம் அந்தச் சிலையைக் கும்பிட்டு நிற்பதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கட்டிவந்த கோணியோடு கடலைக்காய் அறையில் வைத்துப் பூட்டினான்.

"சிலை வந்துச்சா அல்போன்சு?" என்று அக்கா அடிக்கடி கேட்டாள். நேற்றுக் காலையிலும் கேட்டாள்.

"இன்னும் வரலக்கா."

அக்கா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூக்குக்கண்ணாடியோட செஞ்சிருப்பாங்களோ, என்னமோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேசவில்லை.

வந்தவர்களில் பாஞ்சாலி, பென்னாகரத்தில் டீச்சர். அவள் மட்டும் அழாமல் அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க டீச்சர் அந்தச் சிலையப் பாத்தாங்களாண்ணா?"

ரோசம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தாங்கம்மா."

"என்ன சொன்னாங்க?"

அக்கா என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தான்.

"நல்லா இருக்குதுன்னாங்க."

அப்போதுதான் பாஞ்சாலிக்குக் கண் நிறைந்தது. மற்றவர்களிடம் போய்ச் சொன்னாள். அவர்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதார்கள். சிலையை டீச்சர் தலைமாட்டில் வைக்கலாமா என்று கேட்டார்கள்.

தானே எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு, கடலைக்காய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கோணியை அவிழ்த்தான். அதுவரை அவனும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. மூக்கோரத்திலும் காது மடிப்பிலும் தூசி படிந்திருந்தது.

பங்குச் சாமியார் வந்துவிட்டார் என்று வெளியிலிருந்து ரோசம்மா கூப்பிட்டாள். அவன் துண்டின் நுனியை எச்சிலில் நனைத்து, கன்னத்திலிருந்து மெதுவாகத் துடைக்கத் தொடங்கினான்.