சைலன்சருக்குள் தண்ணீர்

நான் போட்ட சைலன்சர் இரண்டு வருஷத்துக்குள் ஓட்டை விழுந்துவிட்டது என்று இதுவரை ஒருத்தரும் வந்து நின்றதில்லை. தட்டாஞ்சாவடியில் பதினேழு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். மற்ற கெட்ட பெயரெல்லாம் எனக்கு உண்டு. கலியமூர்த்திக்கு வாய் நீளம் என்பார்கள். வேலையில் மட்டும் யாரையும் குறை சொல்ல விட்டதில்லை. அதனால் 2006 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மாருதி 800 டிராக்டர் போலச் சத்தம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஓட்டி வந்தவர் தெய்வசிகாமணி, குருசுக்குப்பத்துக்காரர். கடலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். தினமும் வண்டியிலேயே போய்த் திரும்புகிறவர். ஒன்றரை வருஷத்துக்கு முன் நான்தான் அவருக்குச் சாதா சைலன்சர் போட்டுக் கொடுத்தேன். பில்லில் மைல்ட் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதுவோம். பட்டறையில் சாதா, எவர்சில்வர், அவ்வளவுதான். அன்றைக்கு எவர்சில்வர் வேண்டாம் என்று தடுத்தவனும் நான்தான். தினமும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு அது வீண் செலவு.

அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. மனைவி பாக்கியலட்சுமிதான் இறங்கி வந்தார், கையில் என் பில்லோடு.

"ரெண்டு வருஷம் கேரண்டின்னு எழுதிக் குடுத்துருக்கீங்க. இவரு வண்டிய எடுத்தா தெருவே எழுந்திரிக்குது. வேற எங்கயாவது குடுத்துக்கலாம்னாரு, நான்தான் வுடல. விழுப்புரத்துல எங்கண்ணன் ரைஸ் மில்லுக்கு வாங்கன்னு எத்தினி தடவ கூப்புட்டாரு. மச்சான்கிட்ட கைகட்டி நிக்க மாட்டேன், எனுக்கு கடலூரே போதும்னுட்டாரு. அப்பிடி தெனம் அலையற மனுஷன் வண்டிக்கு இப்பிடியா செஞ்சி குடுப்பீங்க?"

"வுடு பாக்கியம்," என்றார் அவர் உள்ளே இருந்தபடியே. "கடலாண்ட வூடு. கடக்காத்து தின்னுடுச்சி. அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு."

வேறொருவனாக இருந்தால் இந்த வாடிக்கையாளரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என் சைலன்சரைக் கடற்காற்று தின்பதாவது? வெளியே இரண்டு கோட்டு அலுமினியம் பெயின்ட் அடித்துத்தான் கொடுக்கிறேன்.

"எறங்குங்க சார், பாத்துருவோம்," என்றேன்.

கழற்றிக் கீழே போட்டேன். பெயின்ட் பெரும்பாலும் அப்படியே இருந்தது. வெல்டிங் ஓர் இடத்திலும் விடவில்லை. அடிப்பக்கத்தில் மட்டும் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. கிரைண்டரை எடுத்தேன்.

"அறுக்கணுமா?" என்றார் தெய்வசிகாமணி.

"அறுக்காம எப்பிடி சார் தெரியும்?"

"தெரிஞ்சி இன்னா ஆவப்போவுது?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பின்பக்கத்தை அறுத்ததும், உள்ளே தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் அரை டம்ளர் அளவுக்கு என் செருப்பில் ஊற்றியது. உள்தகடு அப்பளம் போல நொறுங்கியது. ஜெயித்த சந்தோஷத்தில் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாருங்க. கடக்காத்துன்னா வெளியிலேர்ந்து தின்னும். இது உள்ளேர்ந்து தின்னுருக்கு. எஞ்சின் ஓடுனா பொகையோட தண்ணியும் வரும். தூரமா ஓட்டுனா சைலன்சர் சூடாயி அந்தத் தண்ணி காஞ்சி போயிரும். ரெண்டு மூணு கிலோமீட்டர்ல நிறுத்திட்டா உள்ளயே நின்னுடும். இந்த வண்டி ரொம்ப நாளா மூணு கிலோமீட்டரத் தாண்டல. எம் வேலைல குத்தமில்ல."

"கடலூர் இருவத்திரெண்டு கிலோமீட்டர்," என்றார் பாக்கியலட்சுமி.

"கடலூர் போற வண்டியே இல்லம்மா இது."

சொல்லி முடித்த பிறகுதான் தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்த்தேன். என் கேரண்டியைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தர் குடும்பத்தில் கிரைண்டரை வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. செருப்பைத் துடைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அந்த அம்மா கணவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"இப்ப ரெண்டுல எது போடணும்?"

"அது வண்டி ஓடறதப் பொறுத்தும்மா. தூரமா ஓடுனா சாதாவே போதும். கிட்டத்துலயே ஓட்டறதுன்னா எவர்சில்வர் போட்டாத்தான் நிக்கும்."

இப்போதுதான் கணவர் பக்கம் திரும்பினார். "எது போடச் சொல்லட்டும்?"

சாதா என்று தெய்வசிகாமணி சொல்லியிருக்கலாம். நான் பொய்யனாகியிருப்பேன், அவர் மறுநாள் காலையிலும் சாப்பாட்டுக் கேரியரோடு கிளம்பியிருப்பார். அப்படியே சொல்லட்டும் என்றுதான் நானும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். நொறுங்கிய தகட்டை அவர் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"எவர்சில்வரே போடச் சொல்லு."

பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அது கொஞ்சம் உதவியாக இருந்தது.

"எப்பலேர்ந்து?" என்றார் பாக்கியலட்சுமி.

"போன தீபாவளிக்கு மொத வாரம். கம்பெனிய மூடிட்டாங்க."

"மாசா மாசம் சம்பளம் குடுத்தீங்களே."

"பி.எஃப். பணம்."

"தெனம் எங்க போனீங்க?"

"பொட்டானிக்கல் கார்டனாண்ட. வெளிய மரத்தடியில வண்டிய போட்டுட்டு இருப்பேன்."

"சோறு?"

"வண்டியிலதான் சாப்புடுவேன்."

"வெயில்ல மோரு புளிச்சிப் போயிருக்குமே."

"புளிச்சிடும்."

அந்த அம்மா அழப்போகிறார் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். அவர் அழவில்லை. பில்லை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"அண்ணே, இங்கேர்ந்து விழுப்புரம் எத்தினி கிலோமீட்டர்?"

"முப்பத்தொம்போது இருக்கும்."

"தெனம் போயிட்டு வந்தா தண்ணி காயுமா?"

"நல்லா காயும்மா."

"அப்ப சாதாவே போடுங்க."

தெய்வசிகாமணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மச்சானைப் பற்றித்தான் இருக்கும். மனைவி அவரைப் பார்த்தார். நான் ரேக்கிலிருந்து புது சைலன்சரை இறக்கியதும் தெய்வசிகாமணி என்னிடம் வந்தார்.

"இதுக்கும் ரெண்டு வருஷம் கேரண்டி உண்டா?"

வண்டி ஓடினால் உண்டு என்று நாக்கு நுனிவரை வந்தது.

"உண்டு சார்," என்றேன்.