வரிசையில் விட்ட இடம்

வெள்ளைக்காரர் திரட்டிய காலாட்படைப் பிரிவு கலைக்கப்பட்ட அன்று, எண்ணூறு பேரும் வீடு திரும்பிய பிறகும், அணிவகுப்பு மைதானத்தில் ஓர் ஆள் அளவுள்ள வெற்றிடம் மட்டும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. அதன் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் என்று படைத் தையற்காரர் அளந்து சொன்னார். மழை அதன் தோள்களில் பட்டு வழிந்தது.

அந்தப் படையில் ஒரு வழக்கம் உண்டு. போரில் இறந்தவருடைய இடத்தை அடுத்தவர் நகர்ந்து நிரப்பிவிடுவார்; காணாமற்போனவருடைய இடத்தை மட்டும், செய்தி வரும்வரை, காலியாகவே விட்டு நடப்பார்கள். கடல்கடந்த போர் ஒன்றில் இரண்டாம் வரிசையின் ஏழாம் சிப்பாய் காணாமற்போனார். மணமாகி நாற்பது நாளே ஆகியிருந்த அவருடைய மனைவி ஹவில்தாரிடம் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: "அண்ணே, அவர் செத்துட்டார்னு மட்டும் எழுதிடாதீங்க. இடத்தை மூடிட்டா அவர் எங்க வந்து நிப்பார்?" ஹவில்தார் எழுதவில்லை. இருபத்தாறு ஆண்டுகளில் படையின் எண் மூன்று முறை மாறிற்று, தலைப்பாகை போய்த் தொப்பி வந்தது, துரைமார் பதினொருவர் வந்து போயினர். அந்த இடம் காலியாகவே நடந்தது. ஒன்பதாம் ஆண்டில் அதற்குக் காலடித் தடம் விழத் தொடங்கியது. கிடங்குக்காரர் ஆண்டுக்கொரு சோடி பூட்ஸ் ஒதுக்கினார். அவை முறையாகத் தேய்ந்து திரும்பின.

கடைசி நாளில் துரை பெயர்ப்பட்டியலைப் படித்து ஒவ்வொருவராக அனுப்பிவைத்தார். காணாமற்போனவர் பெயர் பட்டியலில் இல்லாமையால், வெற்றிடத்தை அனுப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அந்தச் சிப்பாயின் மனைவியான அம்மையார் வந்து, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றார். அது அசையவில்லை. அவர் போய் ஹவில்தாரை அழைத்துவந்தார்.

"கட்டளை போடுங்கண்ணே."

"படையே இல்லையேம்மா! இப்ப நான் சொன்னா என் பொண்டாட்டியே கேக்க மாட்டா."

"அப்ப நானே சொல்றேன்."

"யோசிச்சுக்கோ. கலைச்சுட்டா, நாளைக்கு அவரே வந்தாலும் நிக்க இடம் இருக்காது."

அம்மையார் வெற்றிடத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அதுவரை அண்டை வீட்டாரும் கேட்டிராத குரலில், "டிஸ்மிஸ்!" என்று கூவினார். வெற்றிடம் வலப்புறம் திரும்பியது, சல்யூட் வைத்தது, இரண்டடி தள்ளி அவர் பின்னாலேயே நடந்தது.

"வீட்டுக்காரர் வந்துட்டார் போல?" என்று மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"வந்துட்டார்."

"ஏதாச்சும் பேசுறாரா?"

"முன்னாடி மட்டும் பேசிக் கிழிச்சாராக்கும்!"

அவ்வாண்டு மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்த எழுத்தர் உள்ளே எட்டிப் பார்த்தார். இருவர் என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.